துரைக்கு சீஸ் கொடுத்தவர்

மார்ச் 14, வெள்ளி. இன்றைய தவறு: காலை உணவை எடை போட்டபோது கிண்ணத்தின் எடையைக் கழிக்கவில்லை. துரை அரை வயிற்றோடு இருந்திருக்கிறது.

எழுதிவிட்டு, அந்த வரியின் கீழே அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறவள். கோடு கோணலாகப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கால்நடை மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அந்தக் கோடியில் அப்பா, இந்தக் கோடியில் அவள். நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

வீட்டிலும் இருபத்தோரு நாளாக இதே இடைவெளிதான்.

துரை அப்பாவின் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. சங்கிலி மட்டும் அவள் கையில்.

நாய்க்குப் பதினோரு வயது. எதை வைத்தாலும் முகர்ந்து, விலகி, யோசித்து, பிறகு போனால் போகிறதென்று சாப்பிடும். அதற்காக அப்பா கொடுத்த பட்டம்தான் துரை.

ஆறு வாரங்களுக்கு முன் ஒருநாள் முழுக்கக் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் ஒரு சொட்டுகூட வரவில்லை. சிறுநீரில் உப்பு படிகமாகச் சேர்ந்து வழியை அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். கையோடு ஒரு பட்டியலும் கொடுத்தார். இதற்கென்றே விற்கும் உணவு. அதில் இரண்டு மடங்கு தண்ணீர். சிறுநீரில் அமிலத்தன்மையைச் சற்றுக் கூட்டும் மாத்திரை, காலையும் மாலையும். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, விடிந்ததும் போகும் முதல் சிறுநீர் சோதனைக்கு வர வேண்டும்.

பட்டியலை அவள்தான் வாங்கிக்கொண்டாள். தன் ஞாபகத்தின்மேல் அவளுக்கே நம்பிக்கை கிடையாது. அதனால் ஒன்று விடாமல் எழுதினாள். தின்றது, குடித்தது, போனது, போன நேரம். சோதனை நாளில் காலை ஆறு மணிக்கு நீளக் கரண்டியோடு துரையின் பின்னால் ஓடியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். அதையும் எழுதினாள்.

முதல் சோதனையில் படிகம் கொட்டிக் கிடந்தது.

“வீட்ல யாரோ ஏதோ கொடுக்கிறாங்க,” என்றார் மருத்துவர். “அப்படின்னா அதை நிறுத்திட்டு இன்னும் மூணு வாரம் பார்க்கலாம். யாரும் கொடுக்கலைன்னா சாப்பாடு பலிக்கலைன்னு அர்த்தம். மறுபடி அடைக்கிறதுக்குள்ள ஆபரேஷன்தான். இந்த வயசுல மயக்க மருந்தைத் தாங்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது.”

அவள் நோட்டைத் திறந்து, யாரும் கொடுக்கவில்லை என்று பக்கம் பக்கமாக நிரூபிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் பக்கத்தில் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

“நான்தான். தினம் மத்தியானம் ஒரு துண்டு சீஸ்.”

அன்று வீட்டில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அத்தை தொலைபேசியில் தன் பங்கையும் சேர்த்தாள். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. துரையின் கிண்ணத்தைத் தொட அவருக்குத் தடை. மத்தியானங்களில் துரை இருந்த அறை பூட்டியே கிடந்தது.

இன்று இரண்டாவது சோதனை.

உதவியாளர் விடுப்பு என்பதால் மருத்துவரே வெளியே வந்து கையை நீட்டினார். அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவர் உடனே மறு கைக்கு மாற்றினார்.

“என்னம்மா, ஐஸ் மாதிரி இருக்கு?”

“கெட்டுப்போயிடக் கூடாதுன்னு காலைலயே பிரிட்ஜ்ல வெச்சுட்டேன் டாக்டர்.”

“போன தடவை?”

“அப்பவும்தான்,” என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

மருத்துவர் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு துரையை வாசலுக்கு நடத்திப் போனார். துரை நாலா பக்கமும் பார்த்து, மருத்துவரின் ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுத்தது.

பத்து நிமிடத்தில் அறையிலிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுகூட இல்லை. சுத்தம்! மணிக்கணக்கா குளிர்ல வெச்சா நல்ல சிறுநீர்லயும் படிகம் கட்டும்மா. போன தடவை நான் பார்த்தது நாயோடதா இருக்காது, உங்க பிரிட்ஜோடது. கத்தியெல்லாம் வேண்டாம். இதே சாப்பாட்டைத் தொடருங்க.”

அவளுக்கு முதலில் மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சந்தேகமும் வந்தது. அப்பாவின் பக்கம் திரும்பினாள். இருபத்தோரு நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அப்போ அந்த சீஸ்?”

அப்பா துரையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார்.

“நம்ம வீட்ல என்னைக்கும்மா சீஸ் வாங்கியிருக்கோம்?”

நோட்டைப் புரட்டினாள். பட்டியல் கிடைத்த அன்றே, துரைக்கு எட்டக்கூடிய தின்பண்டங்கள் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் அவள் கைப்பட எழுதிய பக்கம் இருந்தது. முப்பத்திரண்டு பொருள். சீஸ் இல்லை.

“பொய்யா சொன்னீங்க?”

“மூணு வாரம் கிடைச்சுதில்ல,” என்றார் அப்பா.

அவள் பெஞ்சின் நடுப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அளவுகோலைத் தேடாமல், அப்படியே எழுதினாள்.

நாளை, சனி. காலை ஏழு மணி: உணவு, தண்ணீர், மாத்திரை ஒன்று. கொடுப்பவர்: அப்பா.