சடைக்காரனுக்குப் பிறகு

"எல்லாரும் வெளிய வாங்க, கதவச் சாத்தணும்" என்றாள் முப்பிடாதியம்மாள், செத்துப்போன சங்கரசுப்புவின் தாய்.

பதினாறாம் நாள் படையல். போட்டோவுக்கு முன்னால் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். ஆள் நின்று பார்த்தால் செத்தவர்கள் சாப்பிட வரமாட்டார்களாம்.

இலையில் சோறு, வடை, அதிரசம். அவன் ஓட்டிய கரிவலம் மினிபஸ்ஸின் கண்டக்டர் இசக்கித்துரை, பஸ் ஸ்டாண்ட் கடையிலிருந்து புரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்து வைத்திருந்தான்.

கடைசியாக மாரிசெல்வி தன் புருசன் சங்கரசுப்புவின் போனைக் கொண்டுவந்து செம்பில் சாய்த்து வைத்தாள்.

சொந்தக்காரர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். மாமியார் மட்டும் இலையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். பிடிச்சதில் ஒன்று குறைந்தாலும் அவன் வாசலிலேயே நிற்பான் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவளே அவள்தான்.

அவனுக்குப் பிடித்தது ஒரு வைக்கிங் தொடர். நோயில் படுத்ததிலிருந்து, ஒரே கட்டிலில் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தது. பனிக்கடலில் படகு விட்டு ஊரூராய் வெட்டிச் சாய்க்கிற முரட்டுப் பயல்கள், தமிழ் டப்பிங்கில் மட்டும் மேடைப் பேச்சாளர் மாதிரி செந்தமிழ் பேசுவார்கள். அதைக் கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நாயகனுக்குச் சடைக்காரன் என்று பேர் வைத்தவள் மாரிசெல்வி. சடைக்காரன் பெண்டாட்டியைச் செம்பட்டை என்பான் சங்கரசுப்பு. "செம்பட்டை உன்ன மாதிரிதாம்ட்டி, வாய் ஜாஸ்தி" என்று சீண்டுவான்.

கடைசி சீசனில் கடைசிப் பகுதி மட்டும் மிச்சம். அவன் ஊசி போட்டு உறங்கிய ஒரு மத்தியானம், ஆசை தாங்காமல் அவள் மட்டும் அதைப் போட்டாள். பாதிகூட ஆகவில்லை. நெஞ்சில் ஈட்டி பாய்ந்து சடைக்காரன் சேற்றில் விழுந்தான். வெடுக்கென்று நிறுத்திவிட்டாள்.

திருநெல்வேலி டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் தாங்கினால் பெரிது என்று சொல்லியிருந்த சமயம் அது. அவனிடம் வயிற்றுப் புண், ஆறிவிடும் என்று சொல்லி வைத்திருந்தாள். இந்த நிலைமையில் சடைக்காரன் சாவதை வேறு அவன் கண்ணால் பார்க்க வேண்டுமா?

கடைசிப் பகுதி இன்னும் தமிழில் வரவில்லை என்று புளுகினாள்.

அவன் தினமும் கேட்பான். "ஏட்டி, வந்துட்டா?"

"இன்னும் வரல."

"வரட்டும், மெதுவா வரட்டும். நமக்கென்ன அவசரம்."

அவசரப்பட்டது அவன்தான். தபசுக்குக் கொடி ஏறும் முன்னாலேயே போய்விட்டான்.

ஆசைப்பட்ட ஒன்றைப் பார்க்கவிடாமல் அனுப்பிவிட்டோமே என்று அவளுக்கு மனசு ஆறவே இல்லை. சோறு இறங்கவில்லை. இன்றைக்காவது பார்க்கட்டும் என்றுதான் போனை வைத்துத் தொட்டாள்.

தொட்டதும் அவள் நிறுத்திய இடத்திலிருந்தே ஓட ஆரம்பித்தது. ஈட்டி. சேறு.

முதலிலிருந்து வைப்போம் என்று அவள் கையை நீட்டுவதற்குள், மாமியார் அவளை வெளியே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

"அத்தை, ஒரு நிமிசம் திறங்க."

"சாத்துன கதவத் திறக்கக் கூடாது. கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

உள்ளே வாளோடு வாள் மோதியது. நடுவில் சடைக்காரனின் முனகல். மாரிசெல்வி கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். உசுரோடு இருந்தவரைக்கும் எதை மறைத்தாளோ, அதற்கு முன்னாலேயே கொண்டுபோய் அவனை உட்காரவைத்துவிட்டாள் பாவி.

இசக்கித்துரை பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அழாதிய மதினி. அண்ணாச்சி அத எப்பவோ பாத்துட்டாக."

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க கோமதியம்மன் கோயிலுக்குப் புத்துமண் எடுக்கப் போனீங்கள்லா, அன்னைக்கு. அவுக போன்ல நீங்க பாதியில நிறுத்துனது அப்பவே தெரிஞ்சிட்டு. அதுலயே பாத்தா, விட்ட இடம் மாறி உங்களுக்குத் தெரிஞ்சிரும்னு எம்போன்ல பாத்தாக. அவகிட்ட மூச்சு விட்ராதலேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாக."

பார்த்துவிட்டுத்தான் தினமும் கேட்டானா, வந்துட்டா வந்துட்டா என்று? அப்படியென்றால் வயிற்றுப் புண்ணை மட்டும் எந்த லட்சணத்தில் நம்பியிருப்பான்? அன்றைக்கு அந்தப் புற்றுமண்ணைக் குழைத்து வயிற்றில் பூசியபோது, "இப்பவே லேசா இருக்குட்டி" என்று சிரித்தானே மனுசன்.

"இன்னொண்ணும் சொன்னாக." இசக்கித்துரை குரலைத் தாழ்த்தினான். "அவ சடைக்காரன் சாகுறதோட நிறுத்திட்டா, அதுக்கு மேலதாம்ல கதையே இருக்கு, நான் போன பொறவு அவளப் பாக்கச் சொல்லுன்னாக."

உள்ளே சண்டைச் சத்தம் ஓய்ந்திருந்தது. யாரோ கொம்பு ஊதினார்கள். பொம்பளைகள் அழுதார்கள். ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் செம்பட்டையின் குரல், அதே செந்தமிழில். "படகைத் தள்ளுங்கள். இனிச் சுக்கானை நான் பிடிக்கிறேன்."

மாரிசெல்வி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கதவில் காதை வைத்தாள்.

"நேரமாச்சுட்டி. அவன் சாப்பிட்டிருப்பான், கதவத் திற" என்றாள் மாமியார்.

"இருங்க அத்தை. இன்னும் முடியல."