கிட்டத்து லென்சு

"மூணுல ஒண்ணுதான், பிரகாசம். கேமராவுல மாட்டியிருக்கறது இருக்கட்டும், கூட ஒண்ணு எடுத்துக்க. மத்த ரெண்டும் எனக்கு இங்க வேணும்" என்றார் ஸ்டூடியோ முதலாளி கலியபெருமாள்.

மேசைமேல் பட்டுத்துணியில் மூன்று லென்சுகள் உட்கார்ந்திருந்தன.

பிரகாசம் அந்த ஸ்டூடியோவில் படம் பிடிக்கிறவன். சைகோனில் கடை வைத்திருக்கிற புதுச்சேரிக்காரர் ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்கு நம் ஊர் ஆள்தான் படம் எடுக்க வேண்டும் என்று கப்பலுக்குச் சீட்டே அனுப்பிவிட்டார். போய்த் திரும்ப நாலு மாசமாவது ஆகும். புறப்படுமுன் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வீடே வந்திருந்தது.

"அகலமா எடுக்கற லென்சை எடுடா" என்றான் அண்ணன் தனிஸ்லாஸ். "சைகோன் மாதா கோயில் ரெண்டு கோபுரமும் முழுசா விழணும்."

"தூரத்தை இழுக்குதே, அது வேணும் தம்பி" என்றாள் அண்ணி ஸ்டெல்லாமேரி. "கப்பல்ல இருந்தே தீவு, மலையெல்லாம் பிடிச்சுட்டு வந்துடலாம்."

பிரகாசத்தின் மனைவி பெர்னதெத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

பிரகாசம் மூன்றாவதை எடுத்தான்.

"அட, அது கிட்டத்து லென்சாச்சே" என்றார் முதலாளி. "ஒரு முழத்துல இருக்கறதுதான் அதுல தெளிவா விழும். முகம், நகை, அந்த மாதிரிக்கு ஆகும். கடல் தாண்டிப் போறவன் இதையா எடுப்பான்?"

"இதுவே போதும் முதலாளி."

ஸ்டெல்லாமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு முழத்துல வந்து நிக்கப்போறது எந்த முகமோ. சைகோன் போன நம்மூரு ஆம்பளைங்க கதை தெரியாதா? பெர்னதெத், உன் புருஷனை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிரகாசமும் சிரித்தான். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அதுதான் பெர்னதெத்துக்குச் சுருக்கென்றது. அவர்கள் தெருவிலேயே ஒருத்தி இருக்கிறாள். புருஷன் சைகோனில். அங்கே அவனுக்கு வேறு வீடு, வேறு பிள்ளைகள். இவள் கழுத்தில் தாலி மட்டும் மிச்சம்.

வீட்டில் பெட்டி கட்டும்போது மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, அந்த லென்சு எதுக்கு?"

"ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"வந்து சொல்றேன்."

"இப்ப சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?"

"தேயாது. ஆனா சொல்றதுக்கில்ல" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

பெட்டிக்குள் அந்த லென்சு அவன் துண்டில் பத்திரமாகச் சுருட்டிக் கிடந்தது. எடுத்து அரிசிப் பானையில் போட்டு மூடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கையும் நீண்டது. வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் போன பிறகு தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் ஸ்டெல்லாமேரி விடவில்லை. "என்ன, முகத்தைப் படமா கொண்டு வராரா, முகத்தையே கூட்டிட்டு வராரா?"

பெர்னதெத் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

ஐப்பசி மழை தொடங்கும்போது பிரகாசம் வந்து சேர்ந்தான். தனியாகத்தான் வந்தான். அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது.

படங்களைப் பாயில் பரப்பினான். பெண், மாப்பிள்ளை, பந்தல், மாதா கோயில்.

"கோபுரத்தோட மேல்பாதி எங்கடா?" என்றான் தனிஸ்லாஸ்.

"சைகோன்லதான் இருக்கு. போயி பாத்துக்க."

அடியில் சின்னதாக இன்னொரு உறை இருந்தது. ஸ்டெல்லாமேரியின் கை முந்திக்கொண்டது. "இதுதான் அந்த முகம். பெர்னதெத், இங்க வந்து பாரு."

பிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன தம்பி இது, வெறும் கல்லு?"

பெர்னதெத் வாங்கிப் பார்த்தாள். பாசி சுரண்டிய, ஓரம் உடைந்த கல். அதில் தேய்ந்துபோன பிரெஞ்சு எழுத்து. கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சத்தை வைத்து எழுத்துக் கூட்டினாள். ச... வ... ரி...

சவரிராயன்.

அவளுடைய அப்பா. பட்டாளத்து வேலைக்கு சைகோன் போய், அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அங்கே காய்ச்சலில் செத்துப்போனவர். செத்த செய்தி மட்டும்தான் கப்பலேறி வந்தது; இங்கே அவருக்கென்று ஒரு கல்லறைகூட இல்லை.

"அங்க போயி வந்த ஒருத்தர் சொன்னாரு. சின்னக் கல்லாம், தரையோட தரையா கெடக்குமாம், எழுத்தெல்லாம் மங்கிப்போச்சாம்" என்றான் பிரகாசம். "குனிஞ்சு கிட்ட வெச்சு எடுத்தாதான் பேரு விழும். தேடினா கிடைக்குமோ கிடைக்காதோ, அதான் உனக்கு ஆசை காட்டல."

பெர்னதெத் குழந்தையை அவன் மடியில் போட்டுவிட்டு, படத்தை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, உப்பளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மழையிலேயே ஓடினாள்.

அம்மா ரோசாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்து ஒவ்வொன்றின் மேலும் பெர்னதெத் அவள் விரலைப் பிடித்து வைத்துப் பேரைச் சொன்னாள்.

ரோசா வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து கேட்டாள்:

"அப்ப இந்தக் கல்லறைத் திருநாளைக்கு நான் யார் வீட்டுக் கல்லறைகிட்டயும் போயி, 'ஓரமா ஒரு மெழுகுவத்தி வெச்சுக்கட்டுமா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்க வேணாம், இல்லடி?"