பட்டன் கடையில் வெயில்

டெல்லி கரோல் பாக்கில் ஜெயபாலின் பட்டன் கடையில் டியூப்லைட் அணைந்திருக்கிறது. அதன் ரீங்காரம் காதைக் குத்துகிறது என்று மதுமதி வேலைக்கு வந்ததுமே சொல்லிவிட்டாள். அவளுக்கு ஆஸ்பெர்கர் என்னும் ஆட்டிச வகை; இது முதல் வேலை, முதல் நாள். தெருவெயில் மட்டும் உள்ளே வந்து கண்ணாடி ஜாடிகளில் மினுங்குகிறது. அவள் ஒரு நீலப் பட்டனைக் குர்தாத் துணிமேல் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். "ஏன் அண்ணா, இந்தப் பொண்ணு என் முகத்தையே பாக்கலியே?" என்கிறாள் துணி கொண்டுவந்த ஒரு டீச்சர். "பட்டன் குர்தாவுக்குத்தானே மேடம்," என்கிறார் ஜெயபால். எதிரே ஜூஸ் கடையோரம் காலையிலிருந்து ஒன்றும் குடிக்காமல் நிற்கும் மதுமதியின் அம்மா, போதும், வா என்று கையசைக்கிறாள். மதுமதி வாசல்வரை வருகிறாள். "கடை சாயங்காலம்தான் மூடும். நீ வீட்டுக்குப் போம்மா." அம்மா அப்போதுதான் ஒரு சாத்துக்குடி ஜூஸ் கேட்கிறாள்.