பெயருக்கு முன்னால்

நகைக்கடை விளம்பரத்தை அனுப்பிவிட்டு, சௌபர்ணிகா தனக்கென்று வைத்திருக்கும் வேலையைக் கணினியில் திறக்கிறாள். அண்ணன் கார்த்திகேய சிவம் சென்னையிலிருந்து வெளியிடப்போகும் முதல் பாட்டுத் தொகுப்புக்கு அவளே ஆசைப்பட்டு வரையும் அட்டை. படிப்பை உதறிவிட்டுக் கிதாரோடு அவன் கிளம்பிய நாளிலிருந்து அவர்களைப் பெற்ற அப்பச்சி அவனோடு பேசுவதில்லை. சாக்கோட்டைப் பேருந்தின் பக்கவாட்டில் பார்த்த தடித்த எழுத்தின் சாயலில் அவன் பெயர் கறுப்பாக நிற்கிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் திரைமேல் கோடு கோடாக விழுகிறது. ஹெட்போன் வயர் கழன்றுகொள்ள, அண்ணனின் கரகரத்த குரல் அறை முழுக்கப் பரவுகிறது. வாசலில் அப்பச்சி அழகுசுந்தரம் நிற்கிறார்.

“யாருத்தா பாடுறது?”

“அண்ணன்.” அவள் விரல் நிறுத்தும் பொத்தானின்மேல் இருக்கிறது; அழுத்த வரவில்லை. “நிறுத்திரவா, அப்பச்சி?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கருகே குனிகிறார். அவர் மூச்சு அவள் தோளில் சுடுகிறது. குரல் ஓய்ந்து கிதார் மட்டும் தனியாக ஓடி, அதுவும் அடங்குகிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது.

“பேருக்கு முன்னால என் இனிசியலக் காணோமே.”

“அண்ணன்தான் வேணாம்னு சொல்லிருச்சு. நீங்க கோவப்படுவீகன்னு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

“நீயாப் போட்டுறாத. அவனக் கேளு,” என்கிறார். “நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லு.”