அழியப்போகும் பதினொரு நிமிடம்

“வெண்டிட்டம் அன்ரி! எல்லையில லொறிக்குள்ள ஒளிச்சு வாற ஆக்களிட்டக் கேக்காமல் மிஷின் பதிஞ்ச இதயத்துடிப்பு எல்லாத்தையும் நாளைக்கு அழிக்கச் சொல்லித் தீர்ப்பு. இனி அதை வைச்சு ஒருத்தரையும் தேடிப் பிடிக்கேலாது. ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்?” என்றாள் வழக்கறிஞர் தர்ஷிகா.

தவமலரின் மகன் நிரோஜன் எல்லையில் நின்ற மீன் லொறிக்குள் குளிரில் விறைத்து இறந்தவன். கருவிக்கு அவன் துடிப்பு கேட்டது. கதவை யாரும் திறக்கவில்லை. காப்பாற்ற உதவாமல் ஆட்களைப் பிடிக்க மட்டும் உதவும் அந்தப் பதிவுகளை அழிக்கக் கேட்டுத்தான் தவமலர் வழக்குப் போட்டாள்.

“அவன்ரயும் அதுக்குள்ள கிடக்குதோ?”

“ஓம் அன்ரி. பதினொரு நிமிஷம்.”

தவமலர், தர்ஷிகா தந்திருந்த தீர்ப்புத் தாளை மெல்லத் திருப்பிக் கொடுத்தாள்.

“அவன்ரய மட்டும் அழிக்க வேண்டாமெண்டு கேட்டுப் பாக்கிறியே, பிள்ளை?”