மூன்றாவது சான்றிதழ்

திருத்தங்கல் அச்சகத்தில் டெண்டர் இணையதளத்தைத் திறக்கும்போதெல்லாம், யாருடைய டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வேண்டும் என்று பிரவுசர் மெகருன்னிசாவிடம் கேட்கும். பட்டியலில் முதலாளி பெயரும் மேனேஜர் பெயரும் இருக்கும். 2025 ஜனவரியில் மூன்றாவதாக மஹ்ரீன் என்றொரு பெயர் சேர்ந்தது. அப்படி யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் சரிசெய்யும் பாண்டிமுருகன் அதை நான்கு முறை அழித்தான். நான்கு முறையும் மறுநாள் வந்துவிட்டது.

"இது வர்ற செப்டம்பர் ஒன்பதுல இருந்துதான் செல்லும்னு போட்டிருக்கு அக்கா. இன்னும் தொடங்கவே இல்ல."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். விடுங்க தம்பி," என்றாள் மெகருன்னிசா.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, அந்த மாதம்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. சான்றிதழைப் பற்றி அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. கணவன் சுல்தான் தானாகவே மஹ்ரீன் என்று பெயர் வைத்தான்.

குழந்தையைப் பார்க்க வந்த பாண்டிமுருகன் பெயரைக் கேட்டதும் மெகருன்னிசாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தம்பி, அது எது வரைக்கும் செல்லும்னு போட்டிருந்துச்சு?"

"ரெண்டாயிரத்து நூத்திப் பதிமூணு வரைக்கும் அக்கா."

அவள் விரல்விட்டு எண்ணினாள். எண்பத்தெட்டு வருடம். சிரித்துக்கொண்டே குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.