டேபிள் ஃபேன் நடந்த தூரம்

ஃபிலோமினாவின் ரப்பர் செருப்பு வாசற்படியோரம் கிடந்து, அதன்மேல் பதினோரு நாள் தூசி ஏறிவிட்டது. முட்டிவலியில் அவள் கட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வம். ஆனால் கனடாவில் இருக்கும் மகளுக்கு, அம்மா தினமும் எட்டாயிரம் காலடி நடப்பதாகச் செய்தி போய்க்கொண்டிருந்தது. எல்லாம் மகள் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரத்தின் உபயம். காலடி குறைந்தால் போனில் மகள் கத்துகிறாளே என்று, ஃபிலோமினா அதைக் கழற்றி டேபிள் ஃபேனின் முகத்துக் கம்பியில் மாட்டிவிட்டாள். ஃபேன் இடமும் வலமுமாகத் தலையாட்ட, கடிகாரம் எண்ணித் தள்ளியது.

“வெட்கமா இல்லியாடா உனக்கு?” என்றது செருப்பு. “என்னை மாட்டாம எந்த மகராசி எட்டாயிரம் நடந்தா?”

“ஆட்டினா எண்ணுவேன். யார் ஆட்டுறாங்கன்னு பாக்கறது என் வேலையில்ல,” என்றது கடிகாரம்.

“அவ முடியாம கெடக்கறான்னு அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லேன். ஓடி வந்துடுவா.”

“நல்லா வந்தா போ! அம்மாதான் இவ்வளவு நடக்கறாங்களேன்னு நேத்துதான் டிக்கெட்டையே ரத்து பண்ணினா.”



மறுநாள் காலையில் ஃபிலோமினா எழுந்திருக்கவே இல்லை. ஃபேன் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கரண்டும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் கணக்கு பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. தலைமாட்டில் கிடந்த போனில், “சூப்பர்ம்மா!” என்று கைதட்டும் பொம்மை ஒன்று வந்து விழுந்தது.